“இன்னும் படகுலதான் இருக்கீங்களா?” – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருடத்தில் ஏழு மாதம் நானும் வீட்டுக்காரரும் 36 அடி நீளமுள்ள ஒரு பழைய பாய்மரப் படகில் குடியிருக்கிறோம். மலேசியாவின் லங்காவித் தீவுக்கும் தாய்லாந்தின் சூரின் தீவுகளுக்கும் நடுவே திரிவதுதான் பிழைப்பு. மீதி ஐந்து மாதம் காவேரிப்பட்டணம். ஊருக்கு வந்தால் முதல் இரண்டு வாரம் கல்யாண வீடு, டீக்கடை, மாங்காய் மண்டி என்று எங்கே போனாலும் அதே கேள்விகள். முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிட்டேன். இனி கேட்கிறவர்களுக்கு இதை அனுப்பிவிடுவேன், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

காவேரிப்பட்டணம் என்றால் பூம்புகார் பக்கம்தானே?

இல்லை. அது காவிரிப்பூம்பட்டினம், கப்பல் வந்த ஊர். எங்களுடையது கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரையில், மாங்கூழ் ஆலைகளுக்கு நடுவே இருக்கிறது. பெயரில்தான் பட்டணம். பக்கத்துக் கடல் என்றால் பாண்டிச்சேரி, அதற்கே சுமார் 200 கிலோமீட்டர். நான் முதலில் கடலைப் பார்த்தது பள்ளிக்கூடச் சுற்றுலாவில், மெரினாவில், அன்றைக்கே என் ஒரு செருப்பை அலை கொண்டுபோய்விட்டது.

அப்புறம் எப்படிப் படகு?

வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலையில் இருந்தார், பிறகு பினாங்கில் வேலை கிடைத்துப் போனோம். அங்கே கூட வேலை செய்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் படகில் கூட்டிப்போவார். இரண்டு வருடம் அப்படி ஓசியில் கற்றுக்கொண்ட பிறகு, 2022 கடைசியில், லங்காவியில் வயதான ஒரு தம்பதி விற்ற படகை வாங்கினோம். 1984-ல் கட்டியது, என்னைவிட இரண்டு வயது மூத்தது. ஃபைபர் உடம்பு, ஒரே பாய்மரம், டீசல் இன்ஜின். ஓசூரில் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட் வாங்கும் காசில் பாதிதான் ஆனது. மீதிப் பாதியும் பின்னாலேயே போய்விட்டது, அதைக் கீழே சொல்கிறேன்.

கவிழ்ந்துவிடாதா? ஒகேனக்கல்லில் பரிசலே கவிழ்கிறதே?

பரிசல் தட்டையானது, அடியில் கனம் இல்லை. எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் போச்சு. எங்கள் படகு ஏழு டன் எடை, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடியில் தொங்கும் கீல் என்ற பகுதியில் இரும்பாக இருக்கிறது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எப்படிச் சாய்த்தாலும் நிமிர்கிறதே, அதே விஷயம்தான். காற்று பலமாக அடித்தால் படகு சாயும், நன்றாகவே சாயும், சமையல்கட்டில் பாத்திரம் உருளும், ஆனால் சாயச் சாயப் பாயில் படும் காற்று குறையும், அடியில் உள்ள இரும்பு இழுக்கும், திரும்பி வரும். முதல் முறை சாய்ந்தபோது நான் காளியம்மா என்று கத்தியதை வீட்டுக்காரர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குப் பயம் கவிழ்வதைப் பற்றி அல்ல, தரை தட்டுவதைப் பற்றித்தான். கீல் தண்ணீருக்குள் 1.8 மீட்டர் இறங்கியிருக்கிறது. அதற்குக் குறைந்த ஆழத்தில் பாறை இருந்தால் கதை முடிந்தது.

காற்று எதிரே அடித்தால் எப்படிப் போவீர்கள்?

நேராகப் போக முடியாது. ஏற்காடு ஏறும்போது பஸ் கொண்டை ஊசி வளைவில் இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பி ஏறுகிறதல்லவா, அதே மாதிரி காற்றுக்குச் சுமார் 45 டிகிரி விலகி ஒரு பக்கம் போய், பாயை மாற்றி, மறுபக்கம் போய்த்தான் முன்னேற வேண்டும். தூரம் ஒன்றரை மடங்காகிவிடும். வேகமா? நல்ல காற்றில் 5 நாட், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர். சைக்கிள் முந்திவிடும். லங்காவியிலிருந்து தாய்லாந்தின் லிப்பே தீவு 30 கடல் மைல்தான், ஆறு மணி நேரம் ஆகிறது. அவசரக்காரர்கள் இந்த வாழ்க்கைக்கு வர வேண்டாம். காற்றே இல்லாத நாளில் கௌரவம் பார்க்காமல் இன்ஜினைப் போட்டுவிடுவோம், அதுவும் அடிக்கடி.

குடிக்கத் தண்ணீர்?

எல்லோரும் கேட்கிற கேள்வி, எனக்கும் பிடித்த கேள்வி. படகில் 300 லிட்டர் டேங்க். இரண்டு பேருக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான் செலவாகும், எல்லாம் சேர்த்து. பக்கத்துப் படகுகளில் இருந்த வெளிநாட்டுக்காரர்கள் இதைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள். என் அம்மா வீடு பென்னாகரம் பக்கம். போர் தண்ணீரில் ஃபுளோரைடு, பல்லெல்லாம் பழுப்பேறி, வயதானவர்களுக்கு முழங்கால் வளைந்து போகும் ஊர். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013-ல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை நல்ல தண்ணீர்க் குடம் தனி, புழங்கும் குடம் தனி, அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு, பாத்திரம் அலசிய தண்ணீர் வாழைக்கு. அப்படி வளர்ந்தவளுக்கு 300 லிட்டர் என்பது ஏரி மாதிரி.

கணக்கு இப்படி. பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் தேய்த்து, கடைசியில் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். குளிப்பது கடலில் குதித்து, ஷாம்பு போட்டு, மறுபடி குதித்து, இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு முடிப்பது. சாதாரண சோப்பு உப்புத் தண்ணீரில் நுரைக்காது, திரிந்துபோகும். ஷாம்பு நுரைக்கும். சாதம் வைக்கும்போது மூன்று பங்கு நல்ல தண்ணீருக்கு அரைப் பங்கு கடல் தண்ணீர் ஊற்றினால் உப்பு தனியாகப் போட வேண்டாம். மழை பெய்தால் மேல்கட்டுத் துணியில் ஒரு குழாய் வைத்து டேங்கில் இறக்குவோம். முதல் பத்து நிமிட மழையை விட்டுவிட வேண்டும், துணியில் இருக்கும் உப்பும் காக்கை எச்சமும் போகட்டும். காக்கை இல்லை, கடற்பறவை, எச்சம் எச்சம்தான்.

முதல் வருடம் முழுக்க 20 லிட்டர் கேனை ரப்பர் படகில் ஏற்றிக் கரைக்கும் படகுக்கும் அலைந்தோம். பிறகு ஒரு பழைய வாட்டர்மேக்கர் வாங்கினோம். நம் ஊர் ஆர்.ஓ. பிளான்ட் மாதிரியேதான், ஆனால் கடலில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருப்பதால் சுமார் 55 பார் அழுத்தம் கொடுத்து ஜவ்வு வழியே தள்ள வேண்டும். சோலார் பேனல் வெயிலில் இருந்தால் மணிக்கு 25 லிட்டர் வரும். துறைமுகத்தில் எண்ணெய் மிதக்கும் இடத்தில் ஓட்டக் கூடாது, ஜவ்வு கெட்டுவிடும். அது வந்த பிறகும் நான் பன்னிரண்டு லிட்டரைத் தாண்டவில்லை. பழக்கம்.

என்ன சாப்பிடுகிறீர்கள்? மீன்தானா?

களி. சிரிக்காதீர்கள். கேழ்வரகு மாவு, சாமை, கொள்ளு, அரூர்ப் புளி, நல்லெண்ணெய், இவையெல்லாம் ஃபிரிட்ஜ் கேட்காது. நான்கு மாதம் வைத்துக்கொள்ளலாம், வண்டு வராமல் மாவை லேசாக வறுத்துக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் போதும். காய்கறியில் முட்டைக்கோஸ், பூசணி, வெங்காயம், உருளை தாங்கும். கொத்தமல்லி மூன்றாம் நாள் கூழ். ஒரு தொட்டியில் கறிவேப்பிலை வைத்தேன், உப்புக் காற்றில் ஒரே வாரத்தில் மொட்டையாகிவிட்டது, அதில் எனக்கு இன்னும் வருத்தம். முட்டையை இரண்டு நாளுக்கு ஒரு முறை திருப்பி வைத்தால் ஃபிரிட்ஜ் இல்லாமலே மூன்று வாரம் வரும். தகர டப்பா மாங்கூழ் நாங்களே ஊரிலிருந்து கொண்டுபோகிறோம், அக்கம்பக்கத்துப் படகுகளில் அதற்கு நல்ல கிராக்கி, ஒரு டப்பாவுக்கு ஒரு பம்ப் வாஷரே மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கை. அட்டைப்பெட்டியைப் படகுக்குள் ஏற்றவே கூடாது, அதன் மடிப்பில் கரப்பான் முட்டை இருக்கும், ஒன்று புகுந்தால் குடித்தனம் அதனுடையது. கேஸ் விஷயம் இன்னும் பெரியது. கேஸ் காற்றைவிடக் கனம், வீட்டில் கசிந்தால் வாசல் வழியே போகும், படகில் போக இடமில்லாமல் அடிவயிற்றில் தங்கும், ஒரு பொறி போதும். சமைத்து முடித்ததும் அடுப்பை அணைப்பதோடு நிற்காமல் சிலிண்டரையும் மூடுவோம், ஒவ்வொரு முறையும்.

மீன் பிடிப்போம், தேசியப் பூங்கா எல்லைக்கு வெளியே மட்டும். பாறைப் பக்கத்துப் பெரிய சீலா மீனை நாங்கள் தொடுவதில்லை. பவளப்பாறைப் பாசியிலிருந்து சின்ன மீன் வழியாகப் பெரிய மீன் உடம்பில் சேரும் ஒரு நஞ்சு உண்டு, வேகவைத்தாலும் போகாது, ருசியிலும் தெரியாது.

பாத்ரூம்? பெண்களுக்குக் கஷ்டமில்லையா?

அத்தைமார்கள் காதோடு கேட்பது. கைப்பம்பு வைத்த சின்னக் கக்கூஸ் இருக்கிறது, கடல் தண்ணீரை இழுத்துத் தள்ள வேண்டும். நாம் சாப்பிட்டு வெளியேறியதைத் தவிர வேறு எதுவும், ஒரு துண்டுக் காகிதம்கூட, உள்ளே போகக் கூடாது. போனால் அந்தக் குழாயைக் கழற்றுவது யார் என்பதில்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையின் பெரிய சண்டைகள் எல்லாம். நங்கூரம் போட்டிருக்கும் இடத்திலும் பாறை அருகிலும் டேங்கில் பிடித்து வைத்து, வெளிக்கடலில்தான் விட வேண்டும். மாதவிடாய்க்குக் கப், குப்பையே சேராது. பெண்களால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு: இந்தியக் கடற்படைப் பெண்கள் ஆறு பேர் 2017–18-ல் தாரிணி என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றினார்கள். அதே படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி 2025 மே மாதம் திரும்பியவர்கள் இரண்டே பேர், தில்னா, ரூபா அழகிரிசாமி. ரூபா நம் பாண்டிச்சேரிப் பெண். நான் செய்வது அதற்கு முன்னால் ஏரியில் காகிதக் கப்பல் விடுவது.

வாந்தி வராதா?

வரும். மூன்று நாள். கண் படகின் உள்ளே அசையாத சுவரைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் நிதானம் ஆடுகிறது என்கிறது, இரண்டுக்கும் சண்டை. வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்தபடி சுக்கான் பிடித்தால் பாதி போய்விடும், மீதிக்கு இஞ்சி. செல்போனை எடுத்தால் திரும்ப வரும்.

நீச்சல் தெரியுமா?

கிணற்றில் கற்றது, இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி. எங்கள் பக்கத்துக் கிணற்றின் ஆழத்தைப் பார்த்தவளுக்கு மூன்று மீட்டர் பவளக்கடல் ஒன்றும் இல்லை.

புயல், சுனாமி?

பூமி சுழல்வதால்தான் புயல் சுழல்கிறது, அந்தச் சுழல் விசை நிலநடுக்கோட்டுக்கு அருகில் மிகக் குறைவு. லங்காவி வடக்கே 6 டிகிரிதான், போதாததற்குச் சுமத்ரா தீவு தென்மேற்கே சுவர் மாதிரி நிற்கிறது. அதனால் பெரும்புயல் அங்கே அபூர்வம். அபூர்வம் என்றுதான் சொல்கிறேன். 2001-ல் வாமெய் என்ற புயல் சிங்கப்பூர்ப் பக்கம், ஒன்றரை டிகிரியில், கரையேறியது. எங்களுக்குத் தொல்லை கொடுப்பது ‘சுமத்ரா’ என்று அந்தக் கடலில் சொல்லும் திடீர்க் காற்றுதான். விடிவதற்கு முன் மேற்கே கறுத்துக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் அடித்துவிட்டுப் போகும். ஒரு மே மாதம் அதிகாலை மூன்று மணிக்கு அப்படி வந்தபோது எங்கள் நங்கூரம் இழுபட்டு, பக்கத்துப் படகுக்கு நாலு மீட்டர் வரை போய்விட்டோம். தப்பு எங்களுடையதுதான், சங்கிலியைச் சோம்பலில் குறைவாக விட்டிருந்தோம். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஐம்பது மீட்டர் சங்கிலி விட வேண்டும், அப்போதுதான் இழுப்பு படுத்தவாக்கில் இருந்து நங்கூரம் மணலில் புதையும். செங்குத்தாக இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும், மாட்டு முளையைப் பிடுங்குகிற மாதிரி.

சுனாமி 2004-ல் லங்காவிப் படகுத்துறைகளையும் உடைத்தது. சூரின் தீவில் மோக்கன் என்ற கடலோடிகள் இருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக ‘கபாங்’ என்ற மரப்படகிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அன்றைக்குக் கடல் உள்வாங்கியதைப் பார்த்ததும், பெரியவர்கள் சொல்லி வைத்திருந்த கதை நினைவுக்கு வந்து மேட்டுக்கு ஏறினார்கள். குடிசைகள் போயின, ஆட்கள் கிட்டத்தட்ட எல்லோரும் பிழைத்தார்கள். படகு வாழ்க்கை என்று யாராவது எங்களைப் பெருமையாகப் பேசினால் எனக்கு இவர்கள் ஞாபகம்தான் வரும், கூச்சமாக இருக்கும்.

பவளப்பாறை எப்படி இருக்கும்? பாறைதானே?

பாறை இல்லை, உயிர். கடுகு அளவிலிருந்து கட்டைவிரல் அளவு வரை உள்ள பூச்சி மாதிரியான உயிர்கள் கோடிக்கணக்கில் சேர்ந்து, தங்களுக்குக் கீழே சுண்ணாம்பைக் கட்டிக்கொண்டே போகின்றன. மான்கொம்பு மாதிரி கிளைக்கும் வகை வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வளரும், உருண்டையாகக் குந்தியிருக்கும் வகை ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். மாட்டு வண்டி அளவு உருண்டை ஒன்றைப் பார்த்தால் அது என் கொள்ளுத்தாத்தா காலத்துக்கும் முந்தையது என்று கணக்குப் போட்டுக்கொள்வேன். கிளிமீன் அந்தச் சுண்ணாம்பைக் கொறிப்பது தண்ணீருக்குள் காது வைத்தாலே நறநறவென்று கேட்கும். கொறித்ததை அரைத்துப் பின்னால் வெள்ளை மணலாக விட்டுவிடும், பெரிய மீன் வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ. சினிமாவில் ஹீரோயின் ஓடும் வெள்ளைக் கடற்கரை பாதி மீன் கழித்ததுதான்.

பவளத்துக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. நிறமும் அதனுடையது, சோற்றில் பெரும்பங்கும் அது போடுவது. தண்ணீர் வழக்கமான கோடையைவிட ஒரு டிகிரி கூடி அப்படியே சில வாரம் நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும், வெள்ளை எலும்பு தெரியும். சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லையென்றால் பட்டினிச் சாவு. 2010-ல் அந்தமான் கடலில் இப்படிப் பெரிய அளவில் வெளுத்து, 2011 தொடக்கத்தில் தாய்லாந்து அரசு பல முக்குளிக்கும் இடங்களை மூடியது. 2024 ஏப்ரலில் உலக அளவில் நான்காவது வெளுப்பு என்று அறிவித்தார்கள். அந்த மே மாதம் எங்கள் படகின் மானி நீரின் வெப்பம் 32 டிகிரி என்றது. குதித்தால் குளிர்ச்சியே இல்லை. கீழே ஒரு சரிவு முழுக்க வெள்ளை. அழகாக இருந்தது, அதுதான் கொடுமை, தெரியாதவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

படகுக்காரர்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் செய்யலாம். நங்கூரத்தை மணலில் மட்டும் போடுவது, சங்கிலி சுற்றும் வட்டத்துக்குள் பவளம் இருக்கிறதா என்று குதித்துப் பார்ப்பது, பூங்காக்காரர்கள் மிதவை வைத்திருந்தால் அதில் கட்டிக்கொள்வது. தாய்லாந்துப் பூங்காக்களில் சில ரசாயனங்கள் உள்ள சன்ஸ்கிரீன் 2021-லிருந்து தடை. நாங்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறோம். ஆழம் பார்க்க மானியை நம்பினால் போதாது, அது அடியில் இருப்பதைத்தான் சொல்லும், முன்னால் இருப்பதை அல்ல. காலை பத்திலிருந்து மூன்று மணிக்குள், சூரியன் முதுகுப் பக்கம் இருக்க, நான் படகின் முன்னால் நின்று நிறம் பார்த்துக் கை காட்டுவேன். கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்பு என்றால் பாறை, நிறுத்து. மேகத்தின் நிழலும் பாறை மாதிரியே இருக்கும், ஆனால் நகரும்.

எனக்கு ஒரு பவளம் கொண்டு வந்தாயா? பையனுக்குச் செவ்வாய் தோஷம்.

நகைக்கடைப் பவளம் வேறு. அந்தச் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடல், ஜப்பான் பக்கம் ஆழமான குளிர்ந்த நீரில் வளர்வது. எங்கள் பவளப்பாறையை உடைத்தால் வெள்ளைச் சுண்ணாம்பு, மோதிரத்துக்கு ஆகாது. அதுவும் இந்தியாவில் 2001-லிருந்து பாறைப் பவளம் புலிக்குச் சமமாகச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, விமான நிலையத்தில் பிடித்தால் தோஷம் எனக்குத்தான்.

கொள்ளைக்காரர்கள்?

இதுவரை காணாமல் போனது ஒரு ஜோடி செருப்பு.

எவ்வளவு செலவாகும்?

நங்கூரத்தில் நின்றால் பெரும்பாலும் வாடகை கிடையாது, காற்றுக்குப் பில் வராது, கடை இல்லாத இடத்தில் காசு செலவழிக்கவும் முடியாது. சாப்பாட்டுச் செலவு ஓசூரைவிடக் குறைவு. ஆனால் படகு தின்னும். படகு விலையில் பத்தில் ஒரு பங்கு வருடா வருடம் பராமரிப்புக்கு எடுத்துவை என்று படகுக்காரர்கள் சொல்வார்கள், பழைய படகுக்கு அது போதவில்லை என்பது என் அனுபவம். வருடம் ஒருமுறை கிரேன் வைத்துத் தூக்கி, அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டி, செம்பு கலந்த பெயின்ட் அடிக்க வேண்டும். போன வருடம் பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள் மொத்தமும் மாற்றினோம், மாந்தோப்புக் குத்தகைக் காசு ஒரு வருடத்துக்கு அதிலேயே போனது. வீட்டுக்காரர் மற்ற படகுகளுக்கு இன்ஜின், கரன்ட் வேலை பார்த்துக் கொடுப்பதால்தான் ஓடுகிறது. ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியாதவர்கள் படகு வாங்காதீர்கள், பாய் விடத் தெரியாவிட்டால்கூடப் பரவாயில்லை.

இதையே இந்தியாவில் செய்யக் கூடாதா?

ஆசைதான். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள் இருக்கின்றன, ஆனால் 1986-லிருந்து தேசியப் பூங்கா, நினைத்தபடி போய் இறங்க முடியாது, இறங்காமல் இருப்பதே நல்லது என்றும் எனக்குத் தோன்றும். லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். பாய்மரப் படகைக் கட்டி நிறுத்த வசதியான இடம் என்று கொச்சியைச் சொல்லலாம், நம் கரையில் அப்படி ஒன்று வந்தால் முதல் ஆளாக நிற்பேன்.

குழந்தை?

அடுத்த கேள்வி.

எங்களை ஒருமுறை கூட்டிப்போவீர்களா?

வாருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் வாருங்கள், வாடைக்காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிப்பதால் தண்ணீர் தட்டையாக இருக்கும். மே பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை சிமிலன், சூரின் தீவுகளை மூடிவிடுவார்கள், அப்போது நாங்களே ஊரில் மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான், மூன்றாவது ஆளுக்குப் படுக்க இடமில்லை. பெட்டி வேண்டாம், மடித்து வைக்கிற துணிப்பை கொண்டு வாருங்கள். வரும்போது ஐந்து கிலோ கேழ்வரகு மாவு, இரண்டு கிலோ கொட்டை எடுத்த புளி, கொஞ்சம் கொள்ளு. மாவை வறுத்தே கொண்டு வாருங்கள். அட்டைப்பெட்டியில் மட்டும் வேண்டாம்.